காயாத கயிறு

மத்தியானம் பன்னிரண்டரை மணி. சங்கரன்கோவிலிலிருந்து மேலநீலிதநல்லூர் போகும் ரோடு. நாய்கூட நிழலை விட்டு எழுந்து வராத வெயில். அந்த ரோட்டோரம் தீயணைப்புத் துறையின் சாமான் கிட்டங்கி ஒன்று. உள்ளே ஏழெட்டுக் கயிறு ஆணியில் தொங்கும். எல்லாம் சருகாகக் காய்ந்திருக்கும். ஒன்று மட்டும்...

சொட்... சொட்...

கூரையில் ஒழுக்கு இல்லை. பக்கத்தில் குழாய் இல்லை. மழை பெய்து மாதக்கணக்காகிறது. பிறகு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பேய் என்று உடனே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் கிட்டே வாருங்கள்.

நமச்சிவாயம் என்பவர்தான் அங்கே ஸ்டோர் கிளார்க். நெருப்பை அணைக்கிறவர் இல்லை. அணைக்கப் போகிறவர்களுக்கு ஹோஸ், கயிறு, டீசல், பூட்ஸ் எல்லாம் எடுத்துக் கொடுக்கிறவர். அதைச் சின்ன வேலை என்று நினைக்கக் கூடாது. ஈரத்தோடு சுருட்டி வைத்த ஹோஸ் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். தீ எரியும்போதுதான் வெடிக்கும். மணிலாக் கயிறும் அப்படித்தான். தண்ணீர் குடித்தால் கனக்கும், மட்கும். வெயிலில் போட்டால் நார் முறியும். நிழலில், காற்று புகுந்து வரும்படி, தளர்வாகத் தொங்கவிட வேண்டும். நமச்சிவாயத்துக்கு இதெல்லாம் அத்துப்படி. அதனாலேயே மற்றவர்களெல்லாம் அவருக்கு ஒன்றும் தெரியாத மண்ணாந்தைகள்.

இந்தக் கயிறு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. ஆணியை மாற்றினார். ஃபேன் வைத்தார். வெளியே வேப்பமரத்தில் கட்டிப் பார்த்தார். காலையில் காய்ந்திருக்கும். வெயில் உச்சிக்கு ஏற ஏற நனைந்துவிடும். முகர்ந்தால் பாசி வாடை... கூடவே, யாரோ குளித்து வந்த மாதிரி மஞ்சள் வாடை.

ஃபயர்மேன் துரைப்பாண்டி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"சார், அது சிவகிரிப் பக்கம் கெணத்துல பொம்பளப் பொணம் தூக்குன கயிறு. நாங்க எப்பவும் எரிச்சிருவோம். நீங்கதான் கூடாதுன்னுட்டிய."

பிணம் தூக்கிய கயிறு திரும்பக் கிட்டங்கிக்குள் வரக் கூடாது என்பது அந்த ஆட்களின் வழக்கம். வரும் வழியிலேயே கொளுத்திவிடுவார்கள். நமச்சிவாயம் வேலைக்கு வந்த கையோடு அதை நிறுத்தினார்.

"உசுருள்ளவனுக்கு ஒரு கயிறு, செத்தவனுக்கு ஒரு கயிறுன்னா கவர்மெண்டுல தாராவ? யூனிபாரம் போட்டா போதுமா வே, மண்டைக்குள்ள ஏதாச்சும் வேண்டாமா?"

"மண்டை கெடக்கட்டும் சார். அதுக்கு மேல மாட்ட ஹெல்மெட்டே இன்னும் நீங்க தரல."

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. ஆட்களில் முக்கால்வாசிப் பேரும் நல்ல கயிறுகளும் கோவில் பந்தோபஸ்துக்குப் போயாயிற்று. அன்றைக்கு, உச்சி நேரத்தில், போன் அடித்தது. பொன்செல்வி என்ற பெண், ஆட்டுக்குட்டியைப் பிடிக்கப் போய்க் காட்டுக் கிணற்றில் விழுந்துவிட்டாள். மோட்டார் குழாயைப் பிடித்துத் தொங்குகிறாள். நீச்சல் தெரியாது.

கிட்டங்கியில் மிச்சம் இருந்தது அந்த ஈரக் கயிறும், பிரிக்காத புதுக் கட்டு ஒன்றும். இரண்டையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு, துரைப்பாண்டியோடும் இன்னும் இரண்டு பேரோடும் நமச்சிவாயமே கிளம்பினார். ஆனால் புதுக் கயிற்றை யாரையும் தொட விடவில்லை.

"பழசு இருக்கையில புதுச எதுக்குவே பிரிக்கணும்?"

படி இடிந்த கிணறு. கீழே கறுத்த தண்ணீர். அதற்குக் கொஞ்சம் மேலே பொன்செல்வியின் கைகள், குழாயில் வழுக்கிக்கொண்டிருந்தன.

ஆளைத் தூக்கக் கயிற்றில் இரண்டு வளையம் வைத்து முடிச்சுப் போடுவார்கள். ஒன்று கக்கத்துக்கு, ஒன்று தொடைக்கு. நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஆள் மேலே வரும். அப்படித்தான் இறக்கினார்கள். பாதி ஆழம் போயிருக்கும்...

கயிறு கனத்தது.

இழுத்தார்கள். ஓர் ஆள் கனம். கிணற்று விளிம்பில் கயிறு கிர்ர்... கிர்ர்... என்று உரசியது. மேலே வந்ததும் சட்டென்று லேசானது. வளையங்கள் காலி. காலிதான், ஆனால் துவளவில்லை. ஓர் இடுப்புச் சுற்றளவுக்கு உப்பி நின்றன.

மறுபடி இறக்கினார்கள். மறுபடி அதே பாதியில் கனம்.

கீழேயிருந்து பொன்செல்வியின் குரல் வந்தது. "அண்ணாச்சி... அந்த அக்காவ அப்புறமா தூக்குங்க. எனக்குக் கை விட்டுப்போகுது."

எந்த அக்கா? விழுந்தது ஒருத்திதான்.

துரைப்பாண்டியின் உள்ளங்கையில் கயிறு நழுவத் தொடங்கியது. தான் கொடுத்த சாமான் வேலை செய்யவில்லை என்பது நமச்சிவாயத்துக்குப் பேயைவிடக் கேவலமாகப் பட்டது. யோசித்தார். மேலே வந்ததும் காணாமல் போகிறது. இறக்கினால் முந்திக்கொண்டு ஏறுகிறது. அப்படியானால்...

"இழுக்காதீங்கலே. விடவும் செய்யாதீங்க. அவ பாதியிலயே இருக்கட்டும். ஒருத்தி ரெண்டு கயித்துல உக்கார முடியுமா?"

ஈரக் கயிற்றை அப்படியே ஜீப்பின் கொக்கியில் கட்டினார்கள். புதுக் கட்டை நமச்சிவாயம் பல்லால் கடித்துப் பிரித்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து இறக்கினார்கள். தடையே இல்லை. பொன்செல்வி ஏறி உட்கார்ந்தாள். மேலே வரும்போது, பாதி வழியில் மட்டும், கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் இன்றுவரை வாயைத் திறப்பதில்லை.

பேய் உண்டு என்று நமச்சிவாயம் இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டார். நம்புகிறவர்களைக் கண்டால் அதே இளக்காரம்தான். ஆனால் எந்த ஊர்க் கிணற்றுக்கு ஜீப் போனாலும் அவர் சொல்லி அனுப்பும் முறை இதுதான்: ஈரக் கயிறு முதலில் போக வேண்டும், காலி வளையத்தோடு. கனம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். எந்தக் கிணறானாலும் ஏறும். பாதியில் நிறுத்திக் கட்டிவிட்டு, காய்ந்த கயிற்றில் ஆளைத் தூக்க வேண்டும். பிறகு ஈரக் கயிற்றை அவசரப்படாமல் மேலே எடுக்க வேண்டும். திரும்பி வரும்போது ஜீப்பின் பின்சீட்டில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார வேண்டும்.