தையலா, மருந்தா

கண்ணாடி போடுகிறவர்கள் எல்லாரும் துடைப்பதில்தான் தப்புப் பண்ணுகிறார்கள் சார். சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். உங்களுடையதிலும் இடது பக்கம் ஒன்று விழுந்திருக்கிறது. பத்தொன்பது வருடமாக லென்ஸ் தேய்க்கிறேன், என் கண்ணுக்கு எதுவும் தப்பாது. என் மனைவியிடம் ஏதோ மாறியிருப்பதையும் அப்படித்தான் கண்டுகொண்டேன்.

அவள் ஒரு சலவை நிலையத்தில் காலை வேலை பார்த்தாள். மதியம் வந்ததும் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து ஆடுவது. அதற்குள் தனி உலகம், ஆளுக்கொரு கைத்தொழில். அவள் தையல்காரி. ஆறு வருடம் ஆடி, இதற்கு மேல் படியே இல்லை என்ற இடத்துக்கு வந்திருந்தாள். அவள் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டுதான் அவள் கூட்டத்தார் பதினோரு பேரும் சண்டைக்குப் போவார்கள். நான் குறுக்கே நின்றதில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்க வைக்கிற பொழுதுபோக்கு நல்லதுதானே.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். "தையலை விட்டுட்டு மருந்து காய்ச்சுற தொழிலுக்கு மாறலாமான்னு பாக்குறேன். என்ன சொல்றீங்க?"

அந்த விளையாட்டில் ஒருவருக்கு ஒரு தொழில்தான். மாறினால் பழையது மொத்தமாக அழிந்துபோகும், முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

"ஆறு வருஷத்த யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

"அதான் யோசிக்கிறேன்."

மூன்று வாரம் யோசித்தாள். நோட்டில் கோடு போட்டு, தையல் ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று எழுதினாள், அடித்தாள். தானாக எவரும் இப்படிக் கிடந்து தவிக்க மாட்டார்கள், யாரோ மாறச் சொல்லியிருக்க வேண்டும். அவள் கூட்டத்தில் கரடி என்று ஓர் ஆள். கரடி எழுதுவதைப் படித்து அவள் தனக்குள்ளேயே சிரிப்பதைக் கதவோரம் நின்று நான்கு முறை பார்த்தேன்.

என் கண்ணாடிக் கடைக் கம்ப்யூட்டரில் நானும் அந்த விளையாட்டில் சேர்ந்தேன். வைத்துக்கொண்ட பெயர் ஊமை. ஆடும்போது மைக்கில் பேசிக்கொள்வார்கள், என் குரல் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் தொண்டையில் ஆபரேஷன், பேச்சு வராது, எழுதத்தான் முடியும் என்று சொல்லி வைத்தேன். இரக்கப்பட்டு அவர்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டு இடைவேளையில் ஆடுவேன். பத்தே நாளில் தெரிந்துவிட்டது, கரடி என்பது வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா.

அங்கேயே விட்டிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் அவள் ஊமையிடம் பேசத் தொடங்கியிருந்தாள். என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவனிடமும் கேட்டாள். காரணத்தை மட்டும் அவனிடம்தான் சொன்னாள். தையல்காரிக்கு நூலும் தோலும் அடுத்தவர் கொண்டுவந்து தர வேண்டும். மருந்துக்காரி தானே மூலிகை பறித்துக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் காடு மலை எங்கும் போகலாம்.

பிறகு எழுதினாள்: "நெஜத்துலயும் அப்படித்தான் போகணும். அக்கா ஊர்ல வேலைக்குச் சொல்லி வச்சிருக்கா. வீட்ல சொன்னா விட மாட்டார். என் செருப்பு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாக்குற மனுஷன்."

அது கொஞ்சம் மிகை சார். பார்ப்பேன், அளந்ததில்லை.

ஒழுங்கான மனைவி என்றால், முகம் தெரியாத ஒருவன் சொன்னான் என்பதற்காக எதையும் மாற்ற மாட்டாள். அதைப் பார்க்கத்தான் "மாறுங்க" என்று எழுதினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"மாறிட்டேன்."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நானேதான்."

கண்ணைப் பார்த்துச் சொன்ன பொய். அதை நான் பெரிதுபடுத்தவில்லை. இன்னொரு வாய்ப்புக் கொடுத்தேன். பேருந்து நிலையத்தை ஒட்டி ஐந்து மாடி வண்டி நிறுத்தம் இருக்கிறது. வியாழக்கிழமை மதியம் அதன் மேல்தளத்தில் காரோடு நிற்கிறேன், அக்கா வீடு வரை கொண்டுவிடுகிறேன் என்று ஊமை எழுதினான். வர மாட்டாள் என்றுதான் மனதார நம்பினேன். ஒரே ஒரு பையோடு வந்தாள்.

என்னைப் பார்த்து ஓடவில்லை, கத்தவில்லை. பையைக் கீழே வைத்தாள். தளம் முழுக்கக் கண்ணால் தேடினாள்.

"அவரை என்ன பண்ணீங்க?"

"எவரை?"

"பாவம், வாய் பேச முடியாதவர். அவரை ஒண்ணும் பண்ணிடாதீங்க. நான் வீட்டுக்கு வந்துடறேன்."

அங்கே கைப்பிடிச் சுவர் இடுப்பளவுகூட இல்லை. கால் தடுக்கி விழுந்தாள் என்று காலையில் சொன்னேனே, அதை அடித்துவிடுங்கள். நான்தான் தள்ளினேன்.

இதை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். நான் கூப்பிட்டிருந்தால் அவள் ஐந்து மாடி ஏறி வந்திருக்க மாட்டாள். அவனுக்காக வந்தாள். கடைசி மூச்சிலும் அவனுக்காகத்தான் கெஞ்சினாள். இன்னொருவன் இருக்கிறான் என்று நான் சந்தேகப்பட்டது தப்பே இல்லை சார். இருந்தான்.