மருமகனுக்கு ஓமத் தண்ணீர்

வங்காளத்தில் எங்கள் சிராம்பூரில் நெஞ்செரிச்சல் இல்லாத வீடு கிடையாது, ஐயா. உப்பு டப்பாவுக்குப் பக்கத்திலேயே மாத்திரை டப்பாவும் இருக்கும். யார் நெஞ்சைத் தடவினாலும், என்ன சாப்பிட்டாய் என்றுதான் முதலில் கேட்போம்.

மருமகனை அழைத்து விருந்து வைக்கும் பண்டிகையான மருமகன் சஷ்டியன்று, மாமியார் பரிமாறுவதை அவன் மறுக்கக் கூடாது. என் மருமகன் பிரசூன் நல்ல பையன், மறுக்கவே மாட்டான். வந்ததும் வெறும் வயிற்றில் கடுந்தேநீர் கொடுத்தேன். பிறகு பூரி, கடுகெண்ணெயில் பொரித்த இலிஷ் மீன், ஆட்டுக்கறி, மாம்பழம், இனிப்புத் தயிர். சாப்பிட்ட கையோடு படுக்கவும் சொன்னேன். இதெல்லாம் நெஞ்செரிச்சலைக் கிளப்பும் என்று டாக்டர் சொன்னது எனக்கு மனப்பாடம். ஆனால் ஊரே இப்படித்தான் விருந்து வைக்கிறது. அதில் என் தப்பு எதுவும் இல்லை.

சாப்பிடும்போதுதான் அவன் சொன்னான், புனேவுக்கு மாற்றல் வந்துவிட்டது, அடுத்த மாதம் துலிகாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. துலிகா என் ஒரே மகள். கணவர் போன பிறகு எனக்கென்று இருப்பவள் அவள்தான். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இருந்தாலும் இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

மூன்று மணிக்கு நெஞ்சு எரிகிறது என்றான். ஓமத் தண்ணீர் கொடுத்தேன், அடங்கவில்லை. வியர்த்து சட்டை நனைந்தது. இடது கையைப் பிசைந்துகொண்டே, "கை மரத்துப்போகுதும்மா," என்றான். என் கணவருக்கும் இப்படித்தான் ஆனது. அன்று அது மாரடைப்பு என்று எனக்குத் தெரியாது. இந்த முறை தெரிந்தது.

துலிகா போனை எடுத்தாள். "டாக்டரைக் கூப்பிடட்டுமாம்மா?"

"எதுக்குடி? விருந்து சாப்பிட்டா எல்லாருக்கும் வர்ற கேஸ்தான். உங்கப்பாவைப் பாத்தவ நான், எனக்குத் தெரியாதா?"

என்னை நம்பி அவள் போனைக் கீழே வைத்தாள். அவன் தலையை மடியில் வைத்து ஐந்து மணி வரை விசிறினேன். ஆஸ்பத்திரி நடந்துபோகும் தூரம்தான். ஐந்தேகாலுக்கு மூச்சு நின்றது. நான்தான் சாகவிட்டேன், ஐயா. மறைக்க ஒன்றுமில்லை.

துலிகா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். தனி அடுப்பில் சமைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறாள். விதவை நோன்பு இருக்கிறாள், அதனால்தான் என் சமையலைத் தொடுவதில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறேன். நோன்பில் மீன் ஆகாது. அவளோ தினமும் மீன் பொரித்துக்கொள்கிறாள். சின்னப் பெண், முறை தெரியவில்லை. மெல்லச் சொல்லிக்கொடுப்பேன்.