ஐம்பத்தேழு பேர் சொன்ன கருத்து

…அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க தம்பி, ஆடும். புதுசுதான். புதுசுங்கறதாலதான் ஆடுது. இப்பிடி சோபாவுக்கு வாங்க. உக்காந்தா எந்திரிக்க முடியாது, அது வேற விஷயம். போன வாரம் என்னைய ரெண்டு பேரு சேந்து தூக்கிவிட்டாங்க. பாப்பாவ அந்த உசரமான நாற்காலில வைங்க, அதுக்குத்தான் வாங்கிப் போட்டிருக்காங்க.

என்ன சொன்னீங்க, காப்பியா… ம். பீரு குடிக்கற பப்புல வந்து மத்தியானம் ரெண்டு மணிக்குக் காப்பி. இல்ல, உங்கள சொல்லல. நல்லாருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நானும் ஒருநா குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் எரிச்சலே.

அந்த சுவத்துப் பச்சை இருக்கே, அதுக்குப் பேரு 'ஈரப்பாசி'யாம். இதே ஷெஃபீல்டுல எங்க வீட்டுப் பின்சுவரு பூரா அந்தக் கலருதான், நான் அத சுரண்டி எடுக்க ஆளு தேடிட்டிருக்கேன். முன்னாடி இங்க என்ன கலருன்னு கேட்டா எனக்கே தெரியாது. இருபத்திரெண்டு வருஷமா வர்றேன், சுவத்த யாரு பாத்தா? கார்பெட் ஒண்ணு இருந்துச்சு. காலு வச்சா ஒட்டிக்கும், எடுத்தா பச்சக்குனு ஒரு சத்தம் வரும். யாரு உள்ள வர்றான்னு திரும்பிப் பாக்காமயே சொல்லிருவோம். இப்ப எல்லாரும் பூனை மாதிரி வர்றாங்க, பூனை மாதிரி போறாங்க. சிப்ஸு வேற சின்ன பக்கெட்ல வருது.

கவுண்டர்ல நிக்கிறாளே, அவதான் நோரீன், கடையப் பாத்துக்கறவ. நான் நுழைஞ்சதும் என்ன சொன்னான்னு கேட்டீங்கல்ல? 'வணக்கம், க்ரூக்கட் லேடர் பப்புக்கு நல்வரவு, இன்னைக்கு எப்பிடி இருக்கீங்க?' இருபத்திரெண்டு வருஷமா அவ என்கிட்ட சொன்னது ரெண்டே வார்த்தை. 'நீயா. உக்காரு.' அதுல எல்லாம் இருக்கும் தம்பி. இந்தக் கடைய வச்சிருக்கற கம்பெனிக்காரங்க அவள பர்மிங்காமுக்கு ரெண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினாங்க. சிரிக்கறதுக்கு. அம்பத்தெட்டு வயசு பொம்பளைய.

கம்பெனிய ஏன் திட்டறேன்னு பாக்கறீங்க. திட்டல. அவங்க பாவம். கேட்டதத்தான் செஞ்சாங்க.

யாரு கேட்டாங்களா? அது… இருங்க, ஒரு வாய் குடிச்சுக்கறேன்.

போன வருஷம் இத மூடப்போறதா பேச்சு. வாடிக்கை ஆளுங்க மொத்தமே ஏழு பேரு, அதுல ஒருத்தரு தூங்கத்தான் வருவாரு. கம்பெனி அறுவது ஃபார்ம் அனுப்புச்சு. உங்க கருத்து என்ன, என்ன செஞ்சா அடிக்கடி வருவீங்கன்னு. நெறைய பேரு எழுதினா ரிப்பேர் பண்ணுவோம், இல்லேன்னா பூட்டுவோம். ரெண்டு வாரம் கவுண்டர்ல கெடந்துச்சு. ரெண்ட மேசைக்கால் ஆடுதுன்னு அடில மடிச்சு வச்சாங்க. ஒண்ணுல என் கூட்டாளி கிளிஃப், அம்பெறியற டார்ட்ஸ் ஆட்டத்துக் கணக்கு எழுதினான். மீதி அம்பத்தேழும் வெள்ளையா கெடந்துச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை, பீப்பா உருட்டிக் குடுக்கலாம்னு கீழ நெலவறைக்குப் போறேன், நோரீன் ஒரு பெட்டி மேல உக்காந்து அழுதுட்டிருந்தா. என்னையப் பாத்ததும் 'வெங்காயம்'னா. அங்க வெங்காயமே கெடையாது.

அம்பத்தேழையும் கோட்டுக்குள்ள சொருகிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அடுப்படி மேசைல உக்காந்து நாலு பேனாவுல எழுதினேன். கொஞ்சத்த இடது கைல. அம்பத்தேழு ஆளு, தம்பி. பிலிப்பா, ரெட்டைக் குழந்தைக்காரி, உசரமான நாற்காலி வேணும். நர்ஸ் ஒருத்தி, நல்ல காப்பி வேணும். ரூபர்ட்டுனு ஒருத்தன், நாய்க்குத் தண்ணிக் கிண்ணம் வேணும். எழுத எழுத எனக்கே அவங்கள புடிச்சுப்போச்சு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நானு, எத்தன மூஞ்சிய கண்ணாடில பாத்திருப்பேன்.

அதோட நின்னிருக்கலாம். எல்லாம் நல்லதாவே இருந்தா சந்தேகம் வருமேன்னு புத்திசாலித்தனம் பண்ணேன். கொஞ்சம் புகாரு சேத்தேன். கார்பெட் ஒட்டுதுன்னு எழுதினேன். மிஸஸ் பெண்டில்பரிங்கற பேருல, கடைக்காரம்மா மூஞ்சி பூட்டின கதவு மாதிரி இருக்குன்னு எழுதினேன். மிஸ்டர் ஃபேன்ஷாங்கற பேருல, டார்ட்ஸ் போர்டு ஆபத்து, பிள்ளைங்க கண்ணு போயிரும், எடுத்துருங்கன்னு எழுதினேன்.

நான் அந்த டார்ட்ஸ் டீம் கேப்டன் தம்பி.

அம்பத்தேழு பேருக்கு எழுதினவன் எனக்குன்னு ஒண்ணு எழுதல. 'இருக்கறபடி இருக்கட்டும்'னு ஒரு ஆளுகூட சொல்லல. அப்புறம் அவங்க என்ன பண்ணுவாங்க? பதினோரு வாரம் பூட்டி வச்சு, எல்லாத்தையும் மாத்தித் தெறந்தாங்க. தெறந்த அன்னைக்கு ஒரு பொண்ணு ரெட்டைக் குழந்தையத் தள்ளிட்டு உள்ள வர்றா. 'பிலிப்பா'ன்னு கூப்பிடவே போயிட்டேன்.

நோரீன் மூணே நாள்ல கண்டுபுடிச்சுட்டா. ஃபார்மெல்லாம் அவளுக்கு அனுப்பியிருக்காங்க. 'அவசியம்'ங்கற வார்த்தைய அத்தன பேரும் ஒரே மாதிரி தப்பா எழுதியிருக்காங்க. இங்க வினாடி வினா நடக்கற அன்னைக்கு நான் எழுதறத வருஷக்கணக்கா பாத்தவ அவ. பெண்டில்பரி ஃபார்ம என் க்ளாசுக்குப் பக்கத்துல வச்சா. ரொம்ப நேரம் துடைச்ச எடத்தையே துடைச்சா. அப்புறம் சொன்னா, 'கடைய காப்பாத்தினதுக்கு உன்னைய விட்டுடறேன், பெர்னார்ட். மூஞ்சியப் பத்தி எழுதினதுக்கு, நான் சொல்ற வரைக்கும் உனக்கும் அந்த 'நல்வரவு'தான், 'நீயா' கெடையாது.' இது நாலாவது மாசம்.

அது போகட்டும். கிளிஃப்தான்…

பத்தொம்பது வருஷம் சேந்து ஆடினோம். என் சம்சாரம் ஜேனட் தவறிப் போனப்புறம் நான் வீட்ட விட்டு வெளிய வரல. செவ்வாக்கிழமையானா வந்து கதவ தட்டுவான். 'ஷூவ போடு'ம்பான். கையோட இங்க கூட்டிட்டு வந்துருவான். ஆறு மாசம் அப்பிடி வந்தான். கடை மறுபடி தெறந்தன்னைக்கு அவன் வந்து, போர்டு இல்லாத சுவத்தப் பாத்துட்டு, 'அந்த ஃபேன்ஷா எவன்னு தெரிஞ்சா சொல்லு'ன்னுட்டு தொழிலாளர் கிளப்புக்குப் போயிட்டான். அங்க பீரு சோப்புத் தண்ணி மாதிரி இருக்கும். புடிவாதமா குடிக்கிறான்.

போன ஞாயித்துக்கெழமை அவன் வீட்டுக்குப் போனேன். வாசல்லயே நின்னு, 'ஃபேன்ஷா நான்தான்'னேன். கதவ சாத்திட்டான். நான் போகல. கொஞ்ச நேரம் கழிச்சு தபால் போடற ஓட்டை வழியா கேட்டான், 'எத்தன பேரு எழுதின?' அம்பத்தேழுன்னேன். 'அதுல நான் இருக்கனா?' இல்லன்னேன். 'நாய்க்காரன் இருக்கான், நான் இல்ல'ன்னான். அதுதான் அவனுக்கு வலிச்சுது. நின்னு நின்னு என் முட்டி போனப்புறம் சொன்னான், 'போர்டு வந்தா வர்றேன்.'

போர்ட திரும்ப மாட்ட கம்பெனி ஒத்துக்குது தம்பி. கதவுக்குப் பக்கத்துல எடம் இருக்கு. ஆனா இந்த மாசம் வர்ற கருத்துல வாடிக்கையாளரு கேக்கணுமாம். நெசமான வாடிக்கையாளரு. நான் பேனாவ தொட்டா நோரீன் வெளிய அனுப்பிருவா, சொல்லிட்டா. இந்தாங்க ஃபார்ம். நாலே வரி. சின்ன வயசு ஆளு, கைப்பிள்ளைக்காரரு, நீங்களே கேக்கறப்ப அவங்களால மறுக்க முடியாது. 'டார்ட்ஸ் போர்டு அவசியம்'னு…

அடடா, பாப்பா அழுவுதா. துணி மாத்தணுமா. போங்க, போங்க, அந்தப் பக்கம் மேசையெல்லாம் போட்டிருக்காங்க, அதுவும் பிலிப்பா கேட்டதுதான். பையயும் எடுத்துட்டுப் போறீங்களா. கோட்டுமா. சரி… புரியுது. பரவால்ல.

தம்பி, ஒரு நிமிஷம். உங்க பேர மட்டும் எழுத்துக் கூட்டிச் சொல்லிட்டுப் போங்க.