தேதி அண்ணனின் ஏணிக்கு ஒரு புதுப் படி

குடிநீர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கோடும் கோணாமல் குணமும் கோணாமல் கடமையாற்றி இன்று விடைபெறும் தலைமை வரைவாளரே, பொடி எழுத்தையும் பொறுமையாய்ப் படிக்கும் பண்பாளரே, எங்கள் அனைவருக்கும் தேதி அண்ணனே, வணக்கம்.

எந்தக் குழாய் எந்தத் தெருவில் திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் உங்கள் திறமையை மேலதிகாரிகள் பேசிவிட்டார்கள். அவர்கள் அறியாத பணி ஒன்று உண்டு. சாப்பாட்டு அறையின் ஜன்னலோர மேசையில் கழித்துப்போட்ட வரைபடங்களைத் திருப்பிப் போட்டு, அவற்றின் முதுகில், எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் கடன் பத்திரம் வாங்க வழி வரைந்து தந்தீர்களே, அந்தப் பணி.

"எவ்வளவு வட்டி தரான்?" என்று ஆவலோடு வந்து நிற்போம். "அது இருக்கட்டும். உங்களுக்குப் பணம் எந்தத் தேதிக்கு வேணும்?" என்பீர்கள். மகளின் கல்லூரி, வீட்டுக் கூரை, அப்பாவின் கண் சிகிச்சை என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆண்டைச் சொல்வோம். நீங்கள் ஓர் ஏணி வரைந்து, ஒவ்வொரு படியிலும் அந்த ஆண்டில் முதிரும் ஒரு பத்திரத்தை எழுதுவீர்கள். உங்களுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது இப்படித்தான்.

ஒரு நிறுவனம் ஊரில் இல்லாத வட்டி தருகிறது என்று நாங்கள் விண்ணப்பமும் கையுமாக நின்ற வாரம் நினைவிருக்கிறதா? மூன்று மதியங்கள் எங்கள் சோற்றை ஆறவிட்டு அதன் விவரப் புத்தகத்தை உரக்கப் படித்தீர்கள். அறுபத்தேழாம் பக்கத்தில், பத்திரத்துக்கு ஈடாக எந்தச் சொத்தும் இல்லை என்ற வரியில் விரலை வைத்து, "இவ்வளவு ஏன் தரான்னு இப்போ புரியுதா?" என்றீர்கள். இரண்டாண்டில் அந்த நிறுவனம் கைவிரித்தது. உங்கள் பேச்சைக் கேட்காமல் வாங்கிய கணக்காளருக்கு அன்று உங்கள் டப்பாவிலிருந்து பாதிச் சாப்பாட்டைத் தள்ளினீர்களே தவிர, ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை.

நாட்டில் வட்டி விகிதம் ஏறி, எங்கள் பத்திரங்களின் சந்தை விலை இறங்கிய ஆண்டில், விற்றுவிடத் துடித்தோம். "இப்போ வித்தா நஷ்டம். தேதி வரைக்கும் இருந்தா முழுசா வரும். தொடாதீங்க" என்று எங்களை உட்கார வைத்தீர்கள். நாங்கள் தொடவில்லை. நீங்கள் தொட்டீர்கள் என்பது போன வாரம்தான் தெரிந்தது.

உங்கள் அலமாரியைக் காலி செய்தபோது கதவின் உட்புறம் உங்கள் சொந்த ஏணி ஒட்டியிருந்தது. மேல்படியில் இந்த மாதத் தேதி. "அவளோடு கடலோரம், ஒரு மாதம்" என்று எழுதி, ரப்பரால் அழித்திருந்தீர்கள். அழித்த இடத்தில் காகிதம் மெலிந்திருந்தது. பின்னால் நின்ற வாசல் காவலாளி தலையைக் குனிந்துகொண்டார். "அந்த வருஷம் என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன். இந்தப் படியில இருந்த பத்திரத்தை வித்துதான் பணம் குடுத்தார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னார். திருப்பிக் குடுக்கப் போனா வாங்கவே இல்ல" என்றார்.

எங்களுக்கு முதலில் கோபம் வந்தது, அண்ணே. பிறகு அழுகை வந்தது.

ஆகவே எல்லோரும் சேர்ந்து உங்கள் பெயரில் ஒரு பத்திரம் வாங்கிவிட்டோம். வாங்கிய விதத்துக்கு மன்னிக்கவும். விண்ணப்பத்தை அண்ணியிடம் கொடுத்தனுப்பினோம். கேஸ் இணைப்புக்கு என்று சொல்லி நீட்டியிருக்கிறார். எங்களை அறுபத்தேழு பக்கம் கேட்க வைத்த நீங்கள் ஒரு வரிகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். "நான் குடுத்தா அவர் படிக்க மாட்டார்" என்று அண்ணி சிரித்தார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டியில் இருவரும் சில நாள் கடல் பார்க்கலாம். போட்ட அசல் திரும்புவது உங்களுக்கு எழுபத்தைந்து வயது நிறையும் நாளில். உங்கள் ஏணியில் அந்தப் படியையும் வரைந்துவிட்டோம். கோடு கொஞ்சம் கோணல்தான். இடையில் இதை விற்கக் கூடாது, எங்களில் யாருக்காகவும் கூடாது. அன்று அண்ணியோடு நேரில் வந்து நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தேதி வரைக்கும் இருந்தால் முழுசாக வரும் என்று சொன்னவர் நீங்கள்தான்.

அந்தத் தேதியைக் குறித்து வைத்துக் காத்திருக்கும்,
வரைபடப் பிரிவு ஊழியர்கள், கணக்காளர், வாசல் காவலாளியும் அவர் மனைவியும்