முந்தானை துடைத்த கண்ணாடி

— இந்தக் கண்ணாடியைத் தினமும் யாரு அத்தை துடைக்கறது?

— நான்தான் மாப்பிள்ளை. காலைல மிஷினை ஓட விடறதுக்கு முன்னாடி. என் மருமகன் நீங்க கொண்டுவந்து நிறுத்தின கடலை பொறுக்கற மிஷினாச்சே, தூசியோட விட மனசு வருமா?

— எதால துடைக்கறீங்க?

— வேற எதால? முந்தானையாலதான்.

— பொறுங்க, பொறுங்க. நாள் பூரா நிலக்கடலைக்கு நடுவுல உக்காந்திருக்கற முந்தானை. பிழிஞ்சா எண்ணெய் சொட்டும். அந்த எண்ணெய்தான் கண்ணாடி மேல ஏடு மாதிரி படிஞ்சிருக்கு. உள்ள இருக்கற கேமராவுக்குக் கண்ணுல புரை விழுந்த கணக்கு. அதான் சொத்தைக் கடலை எதிர்ல வந்தாலும் அடையாளம் தெரியாம விட்டுருது.

— அட கடவுளே! பாசமா துடைச்சே பாழாக்கிட்டேனா?

— பாழெல்லாம் ஆகலை. ஆனா இப்படி ஒரு ரிப்பேரை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரலை. அந்தச் சோப்புத் தண்ணியை இப்படி நகர்த்துங்க... ஆச்சு. பாருங்க, பளிங்கு!

— நூறு வயசு இருக்கணும் நீங்க. மாப்பிள்ளை... ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது.

— உங்களைக் கோவிச்சுக்கிட்டு நான் எந்த வீட்டுக்குப் போறது? உங்க மகள் கதவைத் திறப்பாளா? கேளுங்க.

— மிஷின் விட்டுட்ட சொத்தையைத்தான் நாங்க கடைசி மேசையில உக்காந்து பொறுக்கறோம். அதுக்கே கண்ணு தெளிஞ்சிருச்சுன்னா எங்களுக்கு என்ன வேலை?

— அதை நான் எப்படிச் சொல்றதுன்னு காலைலருந்து முழிக்கறேன் அத்தை. மிஷின் சரியானா அந்த மேசையையே எடுத்துருவேன்னுட்டார் முதலாளி.

— அப்போ அந்த எண்ணெய்ப் பிசுக்குதான் இத்தனை நாளா எங்களுக்குச் சோறு போட்டுச்சா!

— அப்படித்தான் ஆகுது.

— கொஞ்சம் மங்கலாவே விட்டுருங்களேன் மாப்பிள்ளை. எனக்காகக் கேக்கலை, எனக்கு நீங்க இருக்கீங்க. பக்கத்துல உக்கார்றாளே நெட்டச்சி, அவளுக்கு யாரு? புருஷன் படுத்த படுக்கை.

— சொத்தையில இருக்கற பூஞ்சை விஷம் அத்தை. உங்க கைக்கும் ஒண்ணு ரெண்டு தப்பிடும்; இந்தக் கடலை கைக்குழந்தைங்க சாப்பிடற மாவுக்குப் போகுது.

— விஷமா? சிவசிவா! நான் கேட்டதைக் காத்தோட விட்டுருங்க. இன்னொரு தரம் அழுத்தித் துடைங்க. உங்க பொண்டாட்டி வளர்ந்ததே இந்தக் கடலையாலதான். சோறு போட்ட இடத்துல மண்ணை அள்ளிப் போடுவேனா? கும்பிட்டுட்டு எழுந்து போறோம்.

— பொறுங்க, பொறுங்க. உங்களை யாரு எழுந்திருக்கச் சொன்னா? இப்போ மிஷினோட கூர்மையை ஏத்தறேன். துளி சந்தேகம் வந்தாலும் காத்தை ஊதித் தள்ளிரும். ஓட்டறேன், அந்தக் கழிவுப் பெட்டியைப் பாருங்க.

— ஐயையோ, சொத்தையோட நல்ல கடலையும் சேர்ந்துல்ல விழுது!

— விழும். ஊதற காத்து பக்கத்துல வர்ற நல்லதையும் இழுத்துக்கிட்டுத்தான் போகும்.

— என்ன தம்பி, முடிஞ்சுதா? சுருக்கமா சொல்லு, லாரி நிக்குது.

— முடிஞ்சுது முதலாளி. மூட்டைக்குப் போற கடலையைக் கை நிறைய அள்ளிப் பாருங்க.

— அடடா, முத்து மாதிரி இருக்கு! ஆனா இதென்ன, கழிவுல இவ்வளவு நல்ல கடலை? குப்பையிலயா கொட்டறது?

— கூர்மையைக் குறைச்சா நல்லது தப்பிக்கும், கூடவே விஷமும் தப்பிக்கும். இப்படியே இருக்கட்டும். கடைசி மேசையைத் தூக்கி இந்தப் பெட்டிக்குப் பக்கத்துல போடுங்க. பழகின கை பொறுக்கினா நல்லதெல்லாம் திரும்பக் கிடைக்கும். அதை மறுபடி மிஷின்லயே ஓட்டிட்டா தப்பு வராது.

— பழகின கையா? சுருக்கமா மாமியார்னு சொல்லேன்!

— மாமியாரைப் பாக்காதீங்க முதலாளி, பெட்டியைப் பாருங்க.

— பாத்துட்டேன், பாத்துட்டேன். நீ சொல்றதும் சரிதான். பெரியம்மா, மேசையை இங்க போடச் சொல்றேன். நெட்டச்சியையும் கூப்பிட்டுக்குங்க, யாரும் வேலையை விட்டு நிக்க வேண்டாம். நான் லாரிக்கு ஏத்தச் சொல்றேன்.

— கேட்டீங்களா அத்தை?

— கும்பிடணும் போல இருக்கு. உங்களையா, மிஷினையா, எல்லாத்தையும் நடத்தறவனையான்னுதான் தெரியலை.

— மிஷினை மட்டும் வேண்டாம். கும்பிட்ட கையோட முந்தானையை எடுத்துருவீங்க.

— கிண்டலைப் பாரு! தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க. நல்லது ஆறா ஓடும்போதெல்லாம் கெட்டதை மட்டுமே தேடித் தேடிப் பழகின கண்ணு இது; வேண்டாம்னு தள்ளினதுக்குள்ள நல்லது எதுன்னு இன்னைக்குத்தான் முதல் தடவையாத் தேடப்போகுது.