நாலு விரல் குட்டை

— முகம் மறையணும்மா. மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் பரவால்ல.

— மறைச்சிடலாம், மறைச்சிடலாம். மொதல்ல அந்தப் போர்வைய இப்படிக் குடுங்க, பிரபு.

— அதென்ன வந்ததுலேருந்து ‘பிரபு’? என் பேரு ஹார்லன். நாப்பது வருசம் மர மில்லுல பலகை அறுத்தவன் நான்.

— நாளைக்கு அந்த ராசா காலத்துச் சந்தை வாசலத் தாண்டிட்டா நீங்க பிரபுதான். அங்க எல்லாருமே பழைய காலத்து ஆளுங்களாட்டம் உடுத்தி, அவங்களாட்டமே பேசறவங்க. டிக்கெட் கிழிக்கறவன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். இப்பவே பழகிக்குங்க, இல்லாட்டி வேற யாரையோ கூப்பிடறான்னு திரும்பித் திரும்பிப் பாத்துட்டு நிப்பீங்க. நான் மார்லிஸ். ஞாயித்துக்கெழம அங்க சீமாட்டி. வியாழனும் சனியும் இங்க, சர்ச்சோட பழைய துணிக்கடையில சம்பளமில்லாத வேலைக்காரி.

— சரிம்மா. வேஷம் இருபது டாலருக்குள்ள முடியுமா?

— அய்யய்யோ! அந்த வார்த்தைய மட்டும் அங்க வந்து சொல்லிடாதீங்க.

— எது, இருபது டாலரா?

— வேஷம்! ராசா காலத்துச் சந்தைக்காரங்க யாரும் வேஷம்னு சொல்ல மாட்டோம். உடுப்பு. வேஷம்னு வாயத் தொறந்தா வெளியாளுன்னு அடுத்த நிமிசம் தெரிஞ்சுடும்.

— எம் பொண்ணும் இதையேதான் சொல்லுவா. ‘வேஷம் இல்லப்பா, உடுப்பு’ன்னு.

— அட, பொண்ணு நம்ம கூட்டமா? அப்பச் சொல்லுங்க, அவகூடத்தான் போறீங்களா?

— இல்ல. அவ கண்ணுல படாம இருக்கத்தான் இதெல்லாம். அது கெடக்கட்டும். இந்தப் போர்வை என்னவாகும்?

— அங்கியாகும். இந்த மூலைய மடிச்சு ரெண்டு தையல் போட்டா தலைக்கு முக்காடு. மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கலாம், மடத்துச் சாமியாராட்டம். பேண்ட்டு இதே போதும், பூட்ஸுக்குள்ள சொருகிக்குங்க. பெல்ட்டு நீளமா இருக்கா? அந்த வால மேலாக்க ஒரு சுத்துச் சுத்தி, முடிச்சுப் போட்டுத் தொங்க விடணும். இப்படி. ஆங். கைக்கடிகாரத்தக் கழட்டுங்க. அந்தக் காலத்துல எவன் கட்டினான்?

— இது என் பொஞ்சாதி குடுத்தது.

— கழட்டிச் சட்டைக்குள்ள வச்சுக்குங்க. அவங்க வரலயா?

— நேடீன் போயி ஏழு வருசமாச்சு.

— மன்னிச்சுக்குங்க.

— நீங்க என்ன பண்ணுவீங்க. பிரச்சினையே அன்னிக்குத்தான். அவளும் கோரினும், கோரின்தான் பொண்ணு, வருசா வருசம் அந்தச் சந்தைக்குப் போவாங்க. ஒரே பச்சைத் துணியில ரெண்டு பேருக்கும் கவுன் தச்சு வச்சிருந்தாங்க. நேடீன அடக்கம் பண்ற அன்னிக்கு இவ அந்தப் பச்சைக் கவுனப் போட்டுட்டு வந்து நிக்கறா. எல்லாரும் கறுப்புல. இவ மட்டும் கழுத்துலேருந்து கணுக்கால் வரைக்கும் பச்சை, முதுகுல குறுக்கும் நெடுக்குமா கட்டின கயிறு வேற. என் மில்லு ஆளுங்க அத்தனை பேரும் பாக்கறாங்க.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ‘அம்மா சாவுக்கு வேஷங்கட்டிட்டு வந்து நிக்கறியா’ன்னேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி.

— பிரபு...

— ‘அம்மாதான்பா இதப் போட்டுட்டு வரச் சொன்னாங்க’ன்னா. நான் காதுல வாங்கல. மறுநா அவ உடுப்பு மொத்தத்தையும் மூணு கறுப்புப் பையில கட்டித் தூக்கிட்டு வந்து போட்டேன். எங்கன்னு நெனைக்கறீங்க? இதோ, இந்தக் கடை வாசல்லதான்.

— இங்கயா!

— இங்கதான். சாயங்காலம் அவ வந்து அலமாரியத் தொறந்து பாத்தா. அப்படியே வாசலப் பாத்து நடந்தா. போனவதான். இங்கேருந்து ஒரு மணி நேரத்துல இருக்கான்னாங்க, சந்தையில தையக்கடை போட்டிருக்கான்னாங்க. எல்லாம் அடுத்தவங்க சொல்லித்தான் தெரியும்.

— நீங்க போய்ப் பாக்கவே இல்லியா?

— போனேனே. மூணு வருசமா சந்தையோட கடைசி ஞாயித்துக்கெழம தவறாம போறேன். வண்டி நிறுத்தற வயக்காடு இருக்குல்ல, அங்க டிரக்குக்குள்ளயே உக்காந்திருப்பேன். வர்றவன் போறவன்லாம் வாளும் இறகும் வச்சுட்டுச் சிரிச்சுட்டே போவான். நான் சாண்ட்விச்சப் பிரிச்சுத் திம்பேன். சாயங்காலம் பீரங்கி வெடிக்கும்ல, சந்தை முடிஞ்சுதுன்னு? அதக் கேட்டுட்டு வண்டிய எடுத்துடுவேன்.

— அடக் கடவுளே. உள்ள எறங்கி வந்திருந்தா அங்க சுட்டு விக்கற வான்கோழிக் காலாவது தின்னுருக்கலாமேய்யா!

— என்ன மூஞ்சிய வச்சுட்டு எறங்கறது? அதான் இந்த வருசம் முக்காடு. பேசப் போறதில்லம்மா. அவ கடைக்குப் போயி, அவ கையால தச்ச சட்டை ஒண்ணு வாங்கிட்டு, காச வச்சுட்டு வந்துடுவேன். அவ்வளவுதான். அவ நல்லா இருக்காளான்னு பாத்தாப் போதும்.

— சட்டைன்னதும்தான் ஞாபகம் வருது. இந்தக் கட்டம் போட்ட சட்டையோட போனீங்கன்னா மரம் வெட்ட வந்த சாமியார்னு சிரிப்பாங்க. இருங்க, புதுப் பெட்டியில ஒண்ணு வந்துது... இந்தாங்க. தொட்டுப் பாருங்க. லினன், மொத்தமும் கைத்தையல். மூணே டாலர்.

— இவ்வளவு நல்ல சட்டை மூணு டாலரா?

— பழுது. ஒரு கை குட்டையாப் போச்சு. நல்லாத் தைக்கற பொண்ணுதான், எப்படியோ கோட்டை விட்டுட்டா. போட்டுக்குங்க, கத்திரி எடுத்தாறேன். நீளக் கையையும் வெட்டி ரெண்டையும் சமமாக்கிடலாம். உள்ளாற போங்க, திரை இருக்கு.

— போட்டாச்சும்மா.

— வாங்க, வெளிச்சத்துக்கு வாங்க. எந்தக் கை நீளம்? நீட்டுங்க.

— ரெண்டும் சரியாத்தானே இருக்கு?

— இருக்காதே. நான் அளந்தேனே. ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க... உங்க எடது கை என்ன இப்படி?

— அதுவா. மில்லு மெஷின் பெல்ட்டுல மாட்டிக்கிச்சு. எலும்பு சேந்தப்பக் குட்டையாச் சேந்துடுச்சு. கடையில வாங்கற எந்தச் சட்டையும் எடது பக்கம் தொங்கும். கோரின் சின்னப் பிள்ளையில தெனம் காலைல நான் வேலைக்குப் போறப்ப வாசல்ல நிறுத்தி மடிச்சு விடுவா. அவ விரல வச்சு அளப்பா. ‘நாலு விரல்ப்பா, ஆடாத’ன்னு. நானும் ஆடாம நிப்பேன். அது கெடக்கட்டும். பாத்தீங்களா, உலகத்துல என்ன மாதிரியே இன்னொரு ஒத்தக்கை குட்டையன் இருந்திருக்கான்!

— ஒரு நிமிசம். அந்தக் கையக் காட்டுங்க. வலது கைய இதோட சேத்து வைங்க.

— என்னம்மா அளக்கறீங்க?

— நாலு விரல்.

— கத்திரிய ஏன் கீழ வச்சுட்டீங்க?

— உங்க பொண்ணு... செவந்த தலைமுடியா?

— அவங்கம்மா முடி. ஏன்?

— வேலை செய்யறப்ப விசிலடிப்பாளா?

— நிறுத்தவே மாட்டா. ஊசியில நூல் கோக்கறப்பகூட. வீட்டுல சத்தம் போட்டிருக்கேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அங்க நாங்க யாரும் நெசப் பேரக் கேட்டுக்கறதில்ல, பிரபு. தையக்கடையும் அங்க ஏழெட்டு இருக்கு, கோரின்னு நீங்க சொன்னப்ப எனக்கு யாருன்னே தெரியல. அவள நாங்க சிட்டுன்னு கூப்பிடுவோம். அந்த விசிலுக்காக.

— தெரியுமா? உங்களுக்கு அவளத் தெரியுமா? அப்ப நாளைக்கு நீங்களே கடையக் காட்டிடறீங்களா? தூரத்துலேருந்து போதும், கிட்டக்க வேண்டாம்.

— உக்காருங்க.

— நின்னுட்டே கேக்கறேன். சொல்லுங்க.

— நாளைக்கு அவ அங்க இருக்க மாட்டா. வியாழக்கெழமையே கடையப் பிரிச்சுட்டா. ஓரிகன்ல வேலை கெடச்சிருக்கு, திங்கக்கெழம சேரணும்னு சொன்னா. நேத்து விடியக்காலைல கெளம்பியிருப்பா.

— ஓரிகனா. அது நாட்டோட அந்தக் கோடியாச்சே. நம்பர் இருக்குமா?

— சிட்டுங்கற பேரத் தவிர எங்ககிட்ட ஒண்ணும் இல்ல.

— சரி. சரிம்மா. சட்டையக் கழட்டிடறேன். இனிமே எதுக்கு.

— கழட்டாதீங்க! இருங்க, பிரபு. அத மட்டும் கழட்டாதீங்க. அது அவ தச்சது.

— இதுவா?

— கடை போட்ட மொத வருசத்துலேருந்து உள்பக்கம் ஒரு ஆணியில தொங்கிட்டு இருக்கும். யாரு வெல கேட்டாலும் ‘அது வித்தாச்சு’ம்பா. யாரோ விட்டுட்டுப் போன காதலனுக்குன்னு நாங்க கேலி பண்ணுவோம். சிரிச்சுட்டே தூசி தட்டி மறுபடி மாட்டுவா. கிட்டப் போயி யாரு அளந்து பாத்தா? வியாழக்கெழம அவளேதான் இந்தப் பெட்டியத் தூக்கிட்டு வந்தா. சட்டை மேலாக்க இருந்துது. அப்பத்தான் பாத்தேன், ஒரு கை குட்டைன்னு. பழுதானதத்தான் ஏழு வருசம் மாட்டி வச்சிருந்தியான்னு கிண்டல் பண்ணேன்.

— அவ என்ன சொன்னா?

— வேண்டாம், பிரபு.

— சொல்லும்மா.

— கதவு வரைக்கும் போனா. திரும்பி வந்தா. அந்தக் குட்டைக் கைய நாலு விரலால இப்படித் தடவினா. ‘இதுக்குச் சொந்தக்காரரு ஒரு நாளாவது அந்தச் சந்தைப் பக்கம் வந்திருந்தாக் குடுத்திருப்பேன், மார்லிஸ். வாசல் வரைக்கும்கூட வரல’ன்னா.