அழகுத்தாயின் கண்ணில் தூசி இல்லை

— மெதுவாப் பேசுங்க டாக்டரம்மா. நான் இங்க வந்தது எஸ்டேட்டுல எங்க ரெண்டாம் லயத்து வீட்டுக்காரங்களுக்குத் தெரியக் கூடாது.

— நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், அழகுத்தாயி சேச்சி. கண்ணைத் திறங்க.

— திறந்தா வெளிச்சம் குத்துது, தண்ணியாக் கொட்டுது. உள்ள தூசி கெடக்கு, அத மட்டும் எடுத்து விட்ருங்க.

— லயத்துல எல்லாருக்கும் தூசி எடுக்கறது நீங்கதானே?

— இருபது வருசமா. இமையத் தூக்கி, முந்தானை நுனியத் திரிச்சு, ஒரே இழுப்பு. எனக்கே எடுக்க முடியலன்னு தெரிஞ்சா நாளைக்கு எவ எங்கிட்ட வருவா? பக்கத்து வீட்டு மாரீஸ்வரி இப்பவே ஊதி எடுக்கப் பழகிட்டு இருக்கா.

— எப்படிப் பட்டுச்சு?

— காலையில கவாத்து வெட்டுன காட்டுல குனிஞ்சேன், தேயிலைக் குச்சி குத்திருச்சு. நானும் முந்தானைய விட்டு ஏழெட்டுத் தடவ இழுத்துப் பாத்தேன். வரல.

— மேல பாருங்க. இந்த மஞ்சள் மருந்து லேசா எரியும். இனி நீல லைட் அடிக்கறேன்… இமைக்குள்ளயும் பார்த்தாச்சு. தூசியே இல்ல சேச்சி.

— பின்ன ஏன் இந்த உறுத்து உறுத்துது?

— அது கீறல். கருவிழி மேல பச்சையா மின்னுது. கீறல் விழுந்தா தூசி கெடக்கற மாதிரியே உறுத்தும், கேட்டோ. குச்சி போட்டது ஒண்ணு. சுத்தி ஆறேழு இருக்கே, அது உங்க முந்தானை போட்டது.

— என் முந்தானையா? நேத்துத்தான துவைச்சேன்.

— துவைச்சாலும் துணி துணிதான். தூசி விழுந்தா சுத்தமான தண்ணியில கழுவணும், கசக்கக் கூடாது, கேட்டோ. இந்தச் சொட்டு மருந்து நாலு நேரம் விடுங்க. கட்டு வேண்டாம். நாளைக்கு வந்து காட்டணும்.

— ஒண்ணும் செய்யாம விட்டா தானா ஆறிராதா?

— கிருமி ஏறிப் புண்ணாச்சுன்னா, வெள்ளை விழுந்து பார்வையே போகும்.

— தூசி இல்லாத இன்னொருத்தர் கண்ணுல நான் முந்தானைய விட்டு இழுத்திருந்தா, அங்கயும் இப்படிப் பச்சையா மின்னுமா?

— மின்னும். யாருக்கு?

— வெளிய டிரைவர் சங்கையா நிக்கான், அவனக் கூப்பிடுங்க. காலையில அவன் கண்ணுலயும் தூசின்னு நான்தான் முந்தானைய விட்டு இழுத்தேன், ஒண்ணும் வரல. எனக்கு இருமல்னு சொல்லி அவன் ஜீப்புலதான் வந்தேன். அத்தன மலை வளைவுலயும் ஒத்தக் கண்ணாலயே ஓட்டிட்டு வந்தான்.